காலெடுக்கும் கணம்

மேசைமேல் சதுரக் கட்டம் போட்ட விரிப்பு. ஒரு கட்டத்துக்கு ஐந்து அடிக் கணக்கு. போர்வீரனுக்கு அடுத்த கட்டத்தில் எதிரிப் பொம்மையான ஒரு கோப்ளின் நிற்கிறது. அதன் முறை வந்ததும் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் அதைத் தூக்கி நாலு கட்டம் தள்ளி வைக்கப் போகிறார். "ரியாக்‌ஷன்!" என்று குறுக்கிடுகிறார் போர்வீரனை ஆடுபவர். அந்தரத்தில் கை நிற்கிறது. கோப்ளின் இப்போது எங்கே இருக்கிறது? கிளம்பிவிட்டதா, பழைய கட்டத்திலேயே இருக்கிறதா? வெட்டு விழுந்தால் அது எந்த இடத்தில் சாகும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவது இந்த மாதிரி இடங்களில்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் நுணுக்கமாகப் படலாம். ஆனால் ஆட்டத்தின் மூச்சே இதில்தான் இருக்கிறது. கதைப்படி ஒரு சுற்று என்பது ஆறு வினாடி; அந்த ஆறு வினாடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுகிறார்கள், வெட்டுகிறார்கள், மந்திரம் சொல்கிறார்கள். மேசையிலோ ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் ஆட முடியும். குறுக்கிடும் விதி இல்லையென்றால், வாளேந்தி நிற்கும் வீரனின் மூக்குக்கு முன்னால் எதிரி நிதானமாக நடந்துபோய்ப் பின்னால் இருக்கும் மந்திரவாதியை வெட்டலாம். வீரன் தன் முறை வரும்வரை சிலையாக நிற்க வேண்டியதுதான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட இந்த ஆட்டம், பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. குறுக்கிடும் விதியை விரிவாக வகுத்துத் தந்தது 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு. அதில் எதிரியின் கைக்கு எட்டும் எந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்தாலும் வெட்டு வாங்க நேரிடும். அவனைச் சுற்றி வந்தால்கூட அப்படித்தான். அருகில் நின்று வில்லை எய்தாலும், மருந்துக் குப்பியைத் திறந்து குடித்தாலும் அதே ஆபத்து. ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்வதற்குத் தனிச் சலுகை இருந்தது. விளைவு, நகராமலிருப்பதே புத்திசாலித்தனம் என்று ஆகி, சண்டைகள் நின்ற இடத்திலேயே நடந்தன.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைச் சுருக்கியது. எதிரியின் எட்டும் தூரத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம். அதைவிட்டு வெளியேறினால்தான் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்னும் குறுக்கு வெட்டு. அந்தக் குறுக்கீட்டுக்கும் ஒருவருக்கு ஒரு ரியாக்‌ஷன்தான். அதைச் செலவழித்துவிட்டால் தன் அடுத்த முறை தொடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டில் இதுவே மேல். ஓட நினைப்பவர் விலையைக் கணக்கிட்டு ஓடலாம், காவல் நிற்பவருக்கும் ஒரு பல் மிஞ்சுகிறது.

மேசையில் எழுந்த கேள்விக்கும் இந்தப் பதிப்பில் தெளிவான பதில் உண்டு. எட்டும் தூரத்தை விட்டு வெளியேறுவதற்குச் சற்று முன் வெட்டு விழுகிறது. அதாவது கோப்ளின் காலெடுத்துவிட்டது, ஆனால் உடல் இன்னும் பழைய கட்டத்தில்தான். செத்தால் அங்கேயே சாகும். சென்டினல் என்ற திறமை உள்ள வீரன் வெட்டினால் எதிரியின் வேகம் பூஜ்யமாகிவிடும். வெட்டு முன்கூட்டியே விழுவதால்தான் எதிரி அவன் பக்கத்திலேயே சிக்கிக்கொள்கிறான். வெட்டு ஒரு கட்டம் தாமதித்திருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

தானாக நகராத ஒருவரை வெட்ட முடியாது என்பதும் விதி. தண்டர்வேவ் மந்திரம் ஒருவரைப் பத்து அடி தள்ளிவிட்டால் அவர்மேல் வெட்டு விழாது. மிஸ்டி ஸ்டெப் சொல்லி மறைந்து வேறிடத்தில் தோன்றினாலும் விழாது, அதற்குத் தனி விலக்கு உண்டு. டிசொனன்ட் விஸ்பர்ஸ் மந்திரமோ எதிரியைத் தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து ஓடவைக்கிறது. பயத்தில் ஓடினாலும் ஓடுவது அவன் கால்தான், அதனால் வெட்டு விழும். தள்ளுவதிலும் ஓடவைப்பதிலும் எதிரி இடம் மாறுகிறான். ஆனால் அந்த நகர்வுக்கு யார் செலவழித்தார் என்று கேட்டால் வேறுபாடு சட்டென்று விளங்கிவிடும்.

இதைவிடச் சிக்கலானது முன்கூட்டியே தயாராக நிற்பது. "இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்" என்று தன் முறையில் சொல்லி வைக்கும் ரெடி விதியில், சொன்ன நிகழ்ச்சி முடிந்த பிறகே ரியாக்‌ஷன் வரும். "அது என்னை வெட்டினால் விலகி ஓடுவேன்" என்று ஒருவர் சொன்னால், வெட்டு முழுதாக விழுந்த பிறகுதான் அவர் ஓடலாம். 2008-இன் நான்காம் பதிப்பு, நிகழ்ச்சிக்கு முன்பே பாயும் இன்டரப்ட் என்றும் பின்னால் வரும் ரியாக்‌ஷன் என்றும் இரண்டாகப் பிரித்திருந்தது. இன்டரப்டால் வெட்டையே வீணாக்க முடிந்தது. ஐந்தாம் பதிப்பின் ரெடிக்கு அந்த வசதி இல்லை.

சரி, "அது என் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் விலகுவேன்" என்று சொன்னால்? கோப்ளின் வந்து நிற்கிறது, வெட்டு ஓங்குமுன் இவர் விலகுகிறார். ஆனால் இவர் அதன் எட்டும் தூரத்தை விட்டுத் தன் ரியாக்‌ஷனால்தான் வெளியேறுகிறார். கோப்ளினிடமும் ஒரு ரியாக்‌ஷன் இருக்கிறது, தன் முறையிலேயே அதைப் பயன்படுத்த விதி தடுக்கவில்லை. தப்பிக்கப் போட்ட திட்டத்திலேயே வெட்டு வாங்குகிறார். "பத்து அடிக்குள் வந்தால் விலகுவேன்" என்று சொல்லியிருந்தால் அந்த வெட்டு இல்லை. நிபந்தனையில் ஒரு கட்டம் கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், உயிர் தப்பியிருக்கும்.

ஆகவே டன்ஜன் மாஸ்டர் நிபந்தனையைச் சொல்லுக்குச் சொல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "எப்படியாவது ஏதாவது பண்ணினால்" என்று தளர்வாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, பிறகு சண்டையின் நடுவே அதற்குப் பொருள் தேடுவது ஆடுபவருக்குச் செய்யும் அநியாயம். அரக்கர்களுக்காகத் தான் வைக்கும் நிபந்தனைகளையும் அவர் ஒரு தாளில் எழுதி மூடி வைத்தால் பேச்சுக்கே இடமிருக்காது.

பதிப்பு மாறும்போது பழைய பழக்கம் கூடவே வருவதும் ஒரு சிக்கல். 2014 புத்தகத்தில் போல்ஆர்ம் மாஸ்டர் திறமை உள்ளவர் பத்து அடி எட்டும் நீளக்கோல் ஆயுதத்தை ஏந்தி நின்றால், எதிரி அந்த எல்லைக்குள் நுழைந்ததுமே ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் விழும். சென்டினலையும் சேர்த்துக்கொண்டால் வாளேந்தி வருபவன் பத்து அடியிலேயே நின்றுபோவான். பல குழுக்களில் இது அசைக்க முடியாத அரண். 2024-இல் வந்த புதிய புத்தகம் நுழைவுத் தாக்குதலை வைத்துக்கொண்டது, ஆனால் அதை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் என்று சொல்வதில்லை. சென்டினல் நிறுத்துவதோ ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் சிக்கியவரை மட்டும். நீளக்கோலுடன் வரும் புது ஆட்டக்காரர், முதல் கோப்ளின் பாய்வதற்கு முன்பே, இந்த மேசையில் எந்த ஆண்டுப் புத்தகம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.