விலை பேசுமுன் பின்மூடியைத் திறவுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ரோலெக்ஸ் கைக்கடிகாரத்தை மலிவாகத் தருகிறேன் என்றால், விநாடி முள் துள்ளாமல் வழுக்கி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நம்மில் பலர் வாங்கி விடுகிறோம். அது போதாது. போலி தயாரிப்போரும் இன்று ஒட்டோமெட்டிக் இயந்திரமே பூட்டுகிறார்கள். தொடரிலக்கம், பெட்டி, உத்தரவாத அட்டை எல்லாமே போலியாகக் கிடைக்கின்றன. விஷயம் தெரிந்த ஒருவர் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கினிகத்தேனையில் அதற்கு ஆளில்லை என்றால், கொழும்பில் காட்டும் வரை காசு கொடுக்காதீர்கள். போலி வர்த்தகக் குறியுள்ள பொருளைத் தெரிந்தே விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிது மறுமைக் கணக்கு. நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். சந்தேகமான பொருள் நமது கண்ணாடிப் பெட்டிக்குள் ஏற வேண்டாம். ஒரு இலாபம் போனாலும் கடையின் நாணயம் மிஞ்சும்.