டின் பால் பாலாகுமா?



விடியற்காலையில் நம் வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலை பஸ் வந்துவிடுமே என்ற பதற்றம் ஒரு பக்கம். காலுறையைக் காணோம் என்று கத்தும் பிள்ளை மறு பக்கம். அந்த அவசரத்தில் கைக்கு முதலில் எட்டுவது டின் பால்தான். இரண்டு கரண்டி ஊற்றிச் சுடுநீர் விட்டுக் கலக்கினால் பெரியவனுக்கு ஆயிற்று. சின்னவளின் போத்தலிலும் அதுவே. 'பிள்ளைகள் பால் குடித்துவிட்டார்கள்' என்ற நிம்மதியோடு நாம் வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம்.

அவர்கள் குடித்தது பால்தானா? இம்முறை அதைப் பார்ப்போம்.

கடையில் டின்னைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள். 'சூசு பெக்காத் மானிஸ்' என்றிருந்தால், அது சர்க்கரை சேர்த்துச் சுண்டிய பால். 'கிரீமர் மானிஸ்' என்றிருந்தால், அது பால்கூட இல்லை; சர்க்கரையும் பாமாயிலும் சேர்ந்த கலவையில் கொஞ்சம் பால் சத்து. எது அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் போடுவார்கள். அங்கே சர்க்கரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

இரண்டிலும் ஏறத்தாழப் பாதி சர்க்கரைதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் குறைந்தது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கோப்பைக்குள் போய்விடுகிறது. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 19 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்லும் அளவு. அதாவது நான்கைந்து தேக்கரண்டி. நம் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது!

இது புதிய எச்சரிக்கை அல்ல. 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பால் கொடுக்கும்படி விளம்பரம் செய்ததால் பச்சைக் குழந்தைகள் சாவதை அவர் கண்ணால் பார்த்தவர். அதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அஞ்சாமல் சொன்னார். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் டின் பாலைக் குழந்தைக்கு ஏற்ற பால் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கலாமா?

கெடுதல் முதலில் தெரிவது பல்லில். இனிப்புப் போத்தலை வாயில் வைத்தபடியே பிள்ளை உறங்கினால், இரவெல்லாம் சர்க்கரை பல்லில் ஊறுகிறது. மேல்வரிசை முன்பற்கள் கறுத்து உதிர்கின்றன. 2015இல் மலேசியாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், பத்தில் ஏழு பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். பல்வலி வந்த பிள்ளை சாப்பிடாது, உறங்காது. அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கிளினிக்கில் காத்திருந்தால் அன்றைய சம்பளமும் போகும்.

அடுத்தது இரத்தச் சோகை. தேயிலையில் உள்ள ஒரு சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சோற்றோடு தேத்தண்ணி குடித்து வளரும் பிள்ளை சோர்ந்து போவதற்கும், பாடத்தில் மனம் நில்லாமல் இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம்.

'வேலைக்குப் போகிறவள் நான் என்ன செய்வது?' என்று கேட்கிறீர்களா? செய்யக் கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அதன் பிறகு பாலைப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. வேலையிடத்தில் பிழிந்ததை ஐஸ் வைத்த பையில் வீட்டுக்குக் கொண்டு வரலாம். தாய்ப்பாலுக்கு வழியே இல்லையென்றால் குழந்தைக்கான மாவுப்பால்தான் கொடுக்க வேண்டும். அதையும் டப்பாவில் சொன்ன அளவில் கலக்குங்கள். மிச்சம் பிடிக்க நீர் கூட்டாதீர்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குச் சர்க்கரை சேர்க்காத பசும்பால் அல்லது கொழுப்பு நீக்காத பால்மாவு கொடுக்கலாம். அதற்குக் கையில் காசு இல்லாத நாளில் பச்சைத் தண்ணீரும் ஒரு முட்டையும் டின் பாலை விட எத்தனையோ மேல். முட்டையை முதல் நாள் இரவே அவித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் உரிக்கும் வேலை மட்டும்தான்.

இனிப்புக்குப் பழகிய பிள்ளைக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வீடு இரண்டாகிவிடும். வாரத்துக்கு அரைக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள்; நாக்கு தானே பழகும். படுக்கைக்குப் போகும் போத்தலில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். ஒன்றரை வயதுக்குள் போத்தலை விடுவித்துக் கோப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

தகப்பன்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்து வரும்போது பிள்ளைக்கு ஆசையாகத் தேத்தண்ணிப் பொட்டலம் கட்டி வருகிறீர்கள். அந்தக் காசில் இரண்டு வாழைப்பழமோ ஒரு துண்டு பப்பாளியோ வாங்கி வாருங்கள். பிள்ளைக்கு வேண்டியது அப்பா கையிலிருந்து வரும் ஏதோ ஒன்று. அது இனிப்புத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டுமா?

கடைசியாக, பாட்டிமார்கள். நாம் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளையைப் பார்ப்பது அவர்கள்தானே? 'இதைக் குடித்துத்தானே நீயும் வளர்ந்தாய்' என்பார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். அன்று தோட்டத்தில் கிடைத்ததைக் கொண்டு நம்மை வளர்த்தவர்கள் அவர்கள். டின்னைக் கையில் எடுத்துக் காட்டி, "அம்மா, அத்தை, இதில் பாதி சர்க்கரையாம்" என்று பணிவாகப் படித்துச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதைக் காலையிலேயே அளந்து எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பேரனுக்குக் கெடுதல் என்று தெரிந்தும் கொடுக்கிற பாட்டி எங்கே இருக்கிறார்?

டின் பாலை வீட்டை விட்டே துரத்தச் சொல்லவில்லை. பெரியவர்களின் தேத்தண்ணியில் அளவோடு இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளையின் போத்தலில் மட்டும் அதற்கு இடம் வேண்டாம்.