ஊதினால் ஈரம்தான் சேரும்

சார்ஜிங் போர்ட்டை வாயால் ஊதிச் சுத்தம் செய்யலாம் என்பது ஊர் முழுக்க வேரோடிப்போன தவறான நம்பிக்கை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் அது இன்னும் பெரிய தவறு. டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையோரக் கடைகளில் இந்தச் சீசனிலும் அதே காட்சிதான். சார்ஜ் ஏறவில்லை என்றதும் போனைத் தலைகீழாகத் திருப்பி, உதட்டோடு ஒட்டி, பலமாக இரண்டு ஊது. அதிலும் ஏறாவிட்டால் ஊக்கு.

கொடைக்கானல் மலை சுமார் 2,100 மீட்டர் உயரம். வட்டக்கானலில் விடிகாலையில் வாயைத் திறந்தாலே புகை வரும். அது புகையல்ல, மூச்சிலுள்ள நீராவி குளிர்பட்டுத் துளியாகிறது. அந்தத் தண்ணீரைத்தான் போர்ட்டுக்குள் ஊதுகிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஊதினால் படிகிற அதே ஈரம், குளிர்ந்து கிடக்கும் உலோகத்திலும் படியும். கூடவே தெறிக்கும் எச்சிலில் உப்பும் உண்டு.

டைப்-சி போர்ட்டின் நடுவே 0.7 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நாக்கு நிற்கிறது. மேலே 12, கீழே 12 என மொத்தம் 24 தொடுமுனைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் அரை மில்லிமீட்டர். மின்சாரம் வரும் முனைகளில் சாதாரணமாக 5 வோல்ட். வேகச் சார்ஜரில் 9 வோல்ட், அதற்கு மேலும் உண்டு. உப்பு ஈரத்தோடு அந்த மின்னழுத்தம் சேர்ந்தால் முனைகள் அரிக்கப்பட்டுக் கறுக்கும். ஊக்கு இன்னும் மோசம்: நாக்கை உடைக்கும், முனையோடு முனையைச் சேர்த்துவிடும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் பஞ்சு. மலையில் போன் இருப்பது ஸ்வெட்டர் பையில், சால்வை மடிப்பில். அங்கிருந்து வரும் கம்பளி இழையை, கேபிளைச் செருகும் ஒவ்வொரு முறையும் உள்ளே அழுத்தி அடைக்கிறோம். அட்டையாக இறுகிப்போன பஞ்சை எந்த ஊதலும் அசைக்காது.

டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் "போர்ட் போச்சு, மாத்தணும்" என்று சொல்லும் பழுதுக்கடைகளும் இந்த நம்பிக்கைக்குத் துணைபோகின்றன. ஐந்து நிமிட வேலைக்கு வாடிக்கையாளர் புதுப் போர்ட்டுக்குக் காசு கொடுக்கிறார். நனைந்த போனை அரிசியில் புதைப்பதும் ஊதுவதைப் போன்ற தவறான நம்பிக்கைதான். அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

கேபிள் முழுதாக உட்காராமல் ஆடினால் அது பஞ்சின் அடையாளம். போனை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். மரப் பல்குச்சியின் நுனியை மெல்லியதாகச் சீவி, நடு நாக்கைத் தொடாமல் ஓரச் சுவரை ஒட்டி நிதானமாக வருடினால் பஞ்சு சுருளாக வெளியே வரும். மிச்சத்துக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். கேபிள் "டக்" என்று உட்கார்ந்தால் வேலை முடிந்தது.

திரையில் ஈரத்தை எச்சரிக்கும் நீர்த்துளிக் குறி வந்தால் குச்சியும் வேண்டாம். போர்ட் கீழ்நோக்கி இருக்க உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். மூடுபனி நாளில் இன்னும் நேரமாகும். அதுவரை கேபிளைச் செருகாதீர்கள். வாயைப் போர்ட்டின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.