குறி தப்பிய வரலாறு

அமெரிக்காவிலே ஒரு வகைப் பள்ளிக்கூடம் உண்டு. கூரையில்லை, கரும்பலகையில்லை. துப்பாக்கி சுடும் திடலே வகுப்பறை; சனி, ஞாயிறு இரண்டே நாட்கள்தாம் கல்வியாண்டு! ரைபிளை எடுத்துச் சுடப் பழகுவது ஒரு பாடம். சுட்டுக் களைத்த இடைவேளையிலே வரலாறு மற்றொரு பாடம். தந்தையும் மகளும், தாயும் மகனும், தலை நரைத்தோரும் அருகருகே குப்புறக் கிடந்து பயில்கின்றனர். அத்தகைய பயிற்சி ஒன்றிலே நாமும் கிடந்தோம். முழங்கை சிராய்த்தது; தோள் வலித்தது; எனினும் சிந்தனை உறங்கவில்லை.

கற்றது வீண் என்று கூறோம்; பாராட்டவே செய்கிறோம். துப்பாக்கியின் வாரைக் கையில் சுற்றி இறுக்கு. எடையை எலும்பு தாங்கட்டும், தசை தளரட்டும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுக்குமுன் விசையை மெல்ல அழுத்து! எத்துணைத் தெளிவான பாடம்! மந்திரமில்லை, மாயமில்லை. 25 கெஜத்துக்கு அப்பால் தாளிலே இலக்கு. துளைகள் சிதறிக் கிடந்தால், பிழை சுடுபவனிடம். துளைகள் நெருங்கி விழுந்தும் மையத்தை விட்டு விலகியிருந்தால், பிழை குறிகாட்டியில். அதைத் திருத்து, மீண்டும் சுடு, மீண்டும் பார்! பகுத்தறிவாளன் இதைவிட வேறென்ன கேட்பான்?

ஆனால் தோழர்களே, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வரலாற்றைக் கையில் எடுத்தனரே, அப்போது அந்தத் தெளிவு எங்கே போயிற்று?

கதை இதுதான். 1775ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, குடியேற்ற மக்கள் கான்கார்ட் என்னும் ஊரிலே சேர்த்து வைத்திருந்த படைக்கலங்களைக் கைப்பற்ற, பாஸ்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் புறப்பட்டனர். பால் ரெவியர் குதிரையேறிப் பறந்தான், ஊரை எழுப்பினான். மறுநாள் விடியற்காலையில், லெக்சிங்டன் திடலிலே ஜான் பார்க்கர் தலைமையில் ஏறத்தாழ 77 பேர் நின்றனர். 8 பேர் மாண்டனர். மாலைக்குள் நிலை மாறிற்று: பிரிட்டிஷ் தரப்பில் 73 பேர் பிணமாயினர், குடியேற்ற மக்கள் 49 பேரை இழந்தனர். பேரரசு பின்வாங்கிற்று. உழவன் வென்றான்! குறி தவறாத உழவனின் ரைபிளே விடுதலையின் தாய்! இவ்வாறு முழங்கினார் ஆசிரியர். கேட்டோர் கண் கலங்கினர்.

நாமும் நெகிழ்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால் நெகிழ்ச்சி சான்றாகுமா? கண்ணீர் ஆதாரமாகுமா?

பால் ரெவியர் ஒருவனா ஊரை எழுப்பியது? இல்லை. வில்லியம் டாஸ் உடன் சென்றான். சாமுவேல் பிரெஸ்காட் இடைவழியில் சேர்ந்தான். ரெவியர் கான்கார்டை அடையவே இல்லை. வழியிலே சிப்பாய்களிடம் பிடிபட்டான். அடைந்தவன் பிரெஸ்காட். ரெவியரை ஒற்றை நாயகனாக்கியது, ஏறத்தாழ 85 ஆண்டுகள் கழித்து லாங்ஃபெல்லோ என்னும் புலவர் பாடிய பாட்டு. அங்கும் வரலாற்றின்மீது புராணம் ஏறிச் சவாரி செய்கிறது, பார்த்தீர்களா?

ரைபிளா வென்றது? குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டப்பட்டது ரைபிள். அன்று அவ்வுழவர்களிற் பெரும்பாலோர் ஏந்தியது வரியில்லாத, வழுவழுப்பான குழல் கொண்ட மஸ்கட். நூறு கெஜம் தாண்டினால் ஆளை அடிக்கும் என்று நம்பமுடியாத கருவி! பின் எப்படி வென்றனர்? ஊர்தோறும் குழு அமைத்திருந்தனர், பயிற்சி பெற்றிருந்தனர், செய்தி பரப்ப ஏற்பாடு செய்திருந்தனர். பொழுது சாய்வதற்குள் ஏறத்தாழ 4,000 பேர் திரண்டனர். வென்றது தனியொருவனின் கண் அன்று. பல ஊர்களின் ஒற்றுமை! கூட்டுறவின் வெற்றியைத் துப்பாக்கியின் வெற்றி என்று விற்பது ஏன்?

இவையேனும் சிறு பிழைகள். பெரும்பிழை வேறு. லெக்சிங்டன் திடலிலே அன்று காலை குண்டடிபட்டுக் குருதி சிந்தியவர்களில் ஒருவர் பிரின்ஸ் எஸ்டபுரூக். பெயரோ இளவரசன், நிலையோ அடிமை! கறுப்பினத்தவர்; பெஞ்சமின் எஸ்டபுரூக் என்னும் வெள்ளையரின் உடைமை. தமக்கில்லாத விடுதலைக்காகத் தம் உடலைக் கொடுக்க வந்த அவரைப்பற்றி இரண்டு நாட்களிலே ஒரு சொல் கேட்டோமா? இல்லை! இடைவேளையில் எழுந்து வினவினோம். "நேரமில்லை" என்று விடை வந்தது. ரெவியரின் குதிரைக்கு நேரம் இருந்தது. எஸ்டபுரூக்கின் குருதிக்கு நேரமில்லை!

நேரமில்லாதோருக்காக நாமே தொடர்கிறோம். அதே 1775ஆம் ஆண்டு நவம்பரில், தளபதி வாஷிங்டன் கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கலாகாது என்று ஆணையிட்டார். கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் பிரிட்டிஷார் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று ஆளுநர் டன்மோர் பறை அறைந்த பின்னரே, முன்பு போரிட்ட சுதந்தரக் கறுப்பினத்தவருக்கு மட்டும் கதவு சற்றே திறந்தது. 1791இல் படைக்கலம் ஏந்தும் உரிமை அரசமைப்பில் ஏறிற்று. மறு ஆண்டே, 1792இல், உள்ளூர்ப் படைச் சட்டம் யாரை அழைத்தது? சுதந்தரமான, உடல்வலிமையுள்ள, 'வெள்ளை' ஆண் குடிமகனை! 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி கூறிய காரணங்களில் ஒன்று என்ன? கறுப்பினத்தவரைக் குடிமக்கள் என ஏற்றால், அவர்கள் சென்றவிடமெல்லாம் படைக்கலம் ஏந்தும் உரிமை பெற்றுவிடுவார்களாம்! 1967இல் கலிபோர்னியாவிலே பிளாக் பாந்தர் கட்சியினர், அன்றைய சட்டம் அனுமதித்தபடியே, துப்பாக்கி ஏந்திக் காவலரின் கெடுபிடியைக் கண்காணித்தனர். உடனே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்தத் தடை பிறந்தது. ஆளுநர் ரீகன் கையொப்பமிட்டார். வெள்ளையன் ஏந்தினால் மரபு. கறுப்பினத்தவன் ஏந்தினால் ஆபத்து!

துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று நம் வழக்கு. அதை அந்நாட்டு மக்கள் வாதிட்டுத் தீர்க்கட்டும். நம் வழக்கு வேறு. கையிலே துப்பாக்கியைக் கொடுத்து, காதிலே பாதிக் கதையை ஊற்றினால் என்ன விளையும்? "இந்நாட்டைப் படைத்தவன் என் பாட்டன் மட்டுமே, காக்க வேண்டியவன் நான் மட்டுமே" என்ற இறுமாப்பு விளையும். எதிரி யார் என்பதையும் அந்தப் பாதிக் கதையே கற்றுக்கொடுக்கும். குறி பார்க்கும் கண்ணுக்கு முன்னே, யாரை நோக்குவது என்று முடிவு செய்யும் மூளை இருக்கிறதே! அதற்கல்லவா முதற்பயிற்சி?

நம் பக்கத்திலே படுத்துச் சுட்ட ஒரு சிறுமி, இடைவேளையில் நாம் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தாள். மாலையில் விடைபெறும்போது எஸ்டபுரூக் பெயரை எப்படி எழுதுவது என்று வினவினாள். தன் இலக்குத் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள். இரண்டு நாளிலே நாம் கண்ட மிகச் சிறந்த குறி அதுவே!

இளைஞர்களே! எந்த நாட்டிலும், எந்த மேடையிலும் வீர வரலாறு முழங்கும்போது எழுந்து நின்று கேளுங்கள்: "இந்தக் கதையிலே விடுபட்டவர் யார்?" துளைகள் எல்லாம் ஒரே பக்கமாக விழுகின்றனவா? அப்படியானால் பிழை இலக்கில் இல்லை. குறிகாட்டியைத் திருத்துங்கள்!