யானை விலையும் தீனி விலையும்

இலக்கிய வாசகர்களிடையே காரைப் பற்றிப் பேசுவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. வீடு கட்டுவதைப் பேசலாம், பிள்ளைகளின் படிப்பைப் பேசலாம், நாற்பதைக் கடந்தபின் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பேசலாம். கார், அதிலும் சொகுசுக் கார் என்றால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மென்னகை எழுந்துவிடும். அதன் பின்னாலேயே 'நுகர்வுப் பண்பாடு' என்ற சொல்லும் வந்து சேரும். அச்சொல்லைப் பல கருத்தரங்குகளில் உரத்த குரலில் உச்சரித்தவர்கள்தாம் நாங்களும். ஆகவே, கடந்த மூன்று மாதங்களாகப் பழைய ஜெர்மானிய சொகுசுக் கார் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்ற ஒரே கேள்வியில் எங்கள் வீடு மூழ்கிக் கிடந்தது என்பதை ஒப்புக்கொள்ளச் சற்றுத் துணிவு வேண்டியிருக்கிறது.

வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ், மற்றவர் பள்ளியில் கணிதம். இருப்பது திருச்சியில். வீட்டில் உள்ள பெரியவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஓராண்டாகிறது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மதுரையிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். எங்களிடம் இருந்த சிறிய கார் 2011 இல் வாங்கியது. அதன் பின்னிருக்கையில் காலை நீட்ட வழியின்றி, விராலிமலை தாண்டுவதற்குள் அவர் முகம் சுருங்கத் தொடங்கும். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். அந்த 'இல்லை'யைக் கேட்டுக் கேட்டுத்தான் வேறு கார் என்ற பேச்சே எழுந்தது. கையிலிருந்தது 8 லட்சம் ரூபாய். முடிந்த சீட்டும் சேமிப்பும் சேர்ந்த தொகை. மகள் இன்னும் இரண்டாண்டுகளில் கல்லூரிக்குப் போகிறாள் என்பதால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.

இந்தத் தொகைக்குப் புதிதாக ஒரு சிறிய கார் கிடைக்கும். இல்லையேல் ஏழெட்டு வயதான நடுத்தர செடான் கிடைக்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டது: 2014 ஆம் ஆண்டு டீசல் செடான், புதிதில் 40 லட்சத்துக்கு மேல் விற்றது, இப்போது 7,25,000 ரூபாய்.

இங்கேதான் மனம் ஒரு கணக்குப் போடுகிறது. முதல் உரிமையாளர் முப்பது லட்சத்துக்கு மேல் இழந்துவிட்டார். அந்த இழப்பெல்லாம் நமக்கு இலாபம். செல்வந்தர்கள் தின்று மிச்சம் வைத்த கரும்பின் அடிப்பகுதியல்லவா இது, இனிப்பு அங்கேதானே மிகுதி? கணித ஆசிரியருக்கே இக்கணக்கு முதல் இரண்டு நாட்கள் சரியாகத்தான் பட்டது.

கார் கோவையில் நின்றது. ஒரு சனிக்கிழமை பேருந்தில் போய் இறங்கினோம். விற்பனையாளர் இளைஞர், இனிய பேச்சு. "டாக்டர் ஓட்டின வண்டிங்க சார்" என்று தொடங்கினார். தமிழகத்தில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை மருத்துவர்கள்தாம் ஓட்டியிருக்கிறார்கள் போலும். இவ்வளவு கார்களை ஓட்டிய பின்னும் அவர்களுக்கு நோயாளிகளைப் பார்க்க எப்படி நேரம் கிடைக்கிறதோ தெரியவில்லை.

ஆனால் உள்ளே ஏறிக் கதவை மூடிய அந்தக் கணத்தைப் பற்றி நேர்மையாக எழுத வேண்டும். கனமான ஒரு 'தப்'. அவ்வளவுதான், அவிநாசி சாலையின் இரைச்சல் முழுவதும் வெளியே நின்றுவிட்டது. கதவு மூடும் அந்த ஓசையைச் செம்மை செய்வதற்கென்றே இத்தகைய நிறுவனங்களில் பொறியாளர்கள் உழைக்கிறார்கள். நல்ல உரைநடையில் ஒரு பத்தி முடியும் இடத்தை ஆசிரியர் எத்தனை முறை திருத்தியிருப்பார் என்று வியக்கத் தெரிந்த நமக்கு, இந்த ஓசையை வியக்கத் தெரியாமல் போக வேண்டிய அவசியம் இல்லை. இருக்கைகள், தோலின் தையல், மேட்டிலும் பள்ளத்திலும் உடலை அலைக்காமல் சென்ற அந்த மிதப்பு எல்லாம் கைவினைதான். இதை வெறும் பகட்டு என்று ஒதுக்குகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்க்காதவர்கள் என்றே கருதுகிறோம். பின்னிருக்கையில் காலை நீட்டிப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே முகம்தான் நினைவில் வந்தது.

எண் பலகை டெல்லியினுடையது. இது தற்செயலன்று. பத்தாண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 இல் அதை உறுதிசெய்தது. 2025 இல் சில தளர்வுகள் வந்தபோதிலும், இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கு விலை வீழ்ந்த பல வாகனங்கள் தடையற்ற சான்றுடன் பிற மாநிலங்களுக்குப் பயணப்பட்டுவிட்டன. விலை குறைவுக்கு இது நியாயமான காரணம்தான். ஆனால் அப்படி வந்த வண்டியைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே வாழ்நாள் வரியை அதன் வயதுக்கேற்பச் செலுத்த வேண்டும். டெல்லியில் ஏற்கெனவே கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது முதல் உரிமையாளரின் பாடு. இந்த வரித் தொகை விற்பனையாளர் சொன்ன 7,25,000 இல் அடங்கவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்.

நண்பர் ஒருவர் வழியாக, இவ்வகைக் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்திருந்தோம். ஐம்பது வயதிருக்கும். அவர் வேலை செய்த விதம் ஒரு நல்ல பதிப்பாசிரியர் ஏட்டுச்சுவடியை அணுகும் விதம். முதலில் வண்டியின் அழகைப் பார்க்கவே இல்லை. பிரேக் மிதியின் ரப்பரைப் பார்த்தார். ஸ்டியரிங் தோலின் வழவழப்பைத் தடவினார். ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் நைந்திருந்ததைக் காட்டினார். மீட்டர் 68,000 கிலோமீட்டர் என்றது. இம்மூன்றும் அவ்வாறு சொல்லவில்லை. மீட்டரைக் குறைத்துவிடலாம், தேய்மானத்தைக் குறைக்க முடியாது. டயரின் பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கங்களைப் படித்தார்: முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. டயர்கள் ஏழு வயதானவை. பாதுகாப்புப் பட்டையைக் கடைசிவரை இழுத்து அதன் அடிமடிப்பில் மண் கோடு உள்ளதா என்று நோக்கினார். இருக்கைத் தண்டவாளத்தின் துருவையும் தரைவிரிப்பின் அடி வாடையையும் விட்டுவைக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் மூழ்கிய பின்னர் வந்த பழக்கம் என்றார். இந்த வண்டி நீரில் மூழ்கியதில்லை. அது ஓர் ஆறுதல்.

பிறகு ஸ்கேனரைச் செருகினார். பிழை ஏதும் இல்லை என்றது கருவி. எங்களுக்கு மகிழ்ச்சி, அவருக்கு இல்லை. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சில சோதனைகள் இன்னும் முடியாத நிலையில் இருந்தன. அதாவது பிழைகள் இல்லாமல் இல்லை, அண்மையில் அழிக்கப்பட்டிருக்கின்றன. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபோது, முன்பக்க இடது மூலை சற்றே தாழ்ந்திருந்தது. காற்றினால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் அது. கசிகிறது என்றார்.

வாங்கலாமா என்று கேட்டோம். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதானுங்க சார். ஆனா இதுக்குள்ள போடற சாமானெல்லாம் நாப்பது லட்சத்து வண்டிக்குச் செஞ்ச சாமானுங்க. ஏழு லட்சத்து வண்டிக்குன்னு தனியா எவனும் சாமான் செய்யறதில்லீங்க."

இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல நினைப்பது அனைத்தையும் அவர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். கரும்பின் அடி என்று நாங்கள் போட்ட கணக்கின் பிழையும் இதுதான். முப்பது லட்சம் வெறுமனே ஆவியாகிப் போய்விடவில்லை. இனி வரப்போகும் செலவைச் சந்தை முன்கூட்டியே கழித்துவிட்டு மிச்சத்தை நம்மிடம் விலையாகச் சொல்கிறது. காரின் விலை இறங்கும்; சஸ்பென்ஷன், இன்ஜெக்டர், டயர், பொறுப்பான கை இவற்றின் விலை அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. அன்று இரவு பேருந்தில் திரும்பும்போது கணித ஆசிரியர் அவர் சொன்ன மதிப்பீடுகளைக் கூட்டிப் பார்த்தார். டயர்கள், முன்பக்கச் சஸ்பென்ஷன் இணை, வாழ்நாள் வரி, காப்பீடு, முதல் சர்வீஸ் எல்லாம் சேர்ந்து முதலாண்டில் 3,40,000 ரூபாய். இதில் எதிர்பாராதது எதுவும் அடங்கவில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். காருக்கு அது பொருந்தாது. 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா' என்ற மற்றொரு வழக்குதான் பொருந்தும். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் கதை நினைவிருக்கும். இளவெளிமான் சிறுபரிசில் கொடுத்து இழிவுபடுத்த, அதை மறுத்துவிட்டுக் குமணனிடம் சென்று யானையைப் பெற்றுவந்து, இளவெளிமானுடைய காவல் மரத்திலேயே கட்டினார் அவர். வகுப்பில் இதைப் புலவர் மானத்தின் உச்சம் என்றே இருபதாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். தன் வீட்டில் பசித்த பிள்ளைகளைப் பாடியவரும் அவரே. அந்த யானைக்கு மறுநாள் யார் தீனி போட்டார்கள் என்ற கேள்வி இதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. எந்த மாணவரும் கேட்டதுமில்லை.

எங்களுக்கும் ஒரு காவல் மரம் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், மண்டப வாசலில் எங்கள் சிறிய காரை நிறுத்தவிடாமல் பின்சந்துக்குப் போகச் சொன்னார் காவலர். பெரியவரை இறக்கிவிடவாவது அனுமதியுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பெரிய கார் வாசலிலேயே நின்றது. அதே காவலர் கதவைத் திறந்துவிட்டார். கோவையில் அந்தக் கனமான கதவை மூடியபோது இடுப்பு வலியோடு இந்த மண்டப வாசலும் நினைவில் இருந்ததை மறைப்பதற்கில்லை. மருத்துவத் தேவைக்குப் பின்னிருக்கை அகலம் போதும். நாற்பது லட்சத்துப் பெயர்ப்பட்டை தேவைப்பட்டது வேறொன்றுக்கு.

பழைய கார்ச் சந்தையின் இந்த இயல்பைப் பற்றி ஜார்ஜ் அகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970 இல் ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார், சந்தையில் மோசமானவையே தேங்கும். இதழ்கள் சில திருப்பியனுப்பிய அக்கட்டுரை அவருக்கு 2001 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. அமெரிக்க வழக்கில் மோசமான காருக்கு எலுமிச்சை என்று பெயர். நாமோ எலுமிச்சையைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறோம்.

இப்படிச் சொல்வதால் எவரும் இத்தகைய காரை வாங்கலாகாது என்பதில்லை. விலையில் பாதியளவு தொகையை, அது போனாலும் வருந்தாமல், தனியே எடுத்துவைக்கக் கூடியவர் வாங்கலாம். வண்டி இருபது நாள் பணிமனையில் கிடந்தாலும் ஓட்டிப் போக வீட்டில் வேறொன்று இருப்பவர் வாங்கலாம். கோவையிலோ சென்னையிலோ, நம்பிக்கையான தனிப் பணிமனை அருகில் இருக்க வாழ்பவர் வாங்கலாம். இந்த மூன்றும் எங்களுக்கு இல்லை. மதுரைப் பயணத்துக்கு முந்தைய நாள் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றால், மறுபடி அந்தச் சிறிய காரும் இல்லை. அதை விற்றுத்தானே இதை வாங்க வேண்டும்.

ஆனால் நண்பர்கள் சிலர் சொன்ன காரணத்தை ஏற்க இயலவில்லை. 'எளிமையாக வாழுங்கள், ஆசிரியருக்கு எதற்கு இதெல்லாம்' என்றார்கள். ஆசிரியர் நைந்த செருப்போடு நடந்தால்தான் ஊருக்கு நிம்மதி என்ற பழைய எதிர்பார்ப்பு இதன் அடியில் இருக்கிறது. வலியுள்ள ஒருவர் சற்று நல்ல இருக்கையில் உட்கார ஆசைப்படுவதற்கும் ஆசிரியரின் ஒழுக்கத்துக்கும் தொடர்பில்லை. நாங்கள் பின்வாங்கியது எங்களிடம் தீனி இல்லாததால். யானை தீயது என்பதால் அல்ல.

சென்ற மாதம் 2018 ஆம் ஆண்டுப் பெட்ரோல் சியாஸ் ஒன்றை 6,10,000 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த மாடலின் தயாரிப்பு 2025 இல் நின்றுவிட்டது. ஆனால் உதிரிப் பாகங்களுக்குக் கோவை போக வேண்டியதில்லை. பின்னிருக்கையில் கால் நீட்ட நிறைய இடம். கதவு மூடும் ஓசை தகர டப்பாவுக்குச் சற்று மேல். முதல் மதுரைப் பயணத்தில் மேலூர் வரை பெரியவர் தூங்கிவிட்டார். அங்கே விழித்துக்கொண்டு, "கோயமுத்தூர்ல ஒரு வண்டி பாத்தீங்களே, அது என்னாச்சு?" என்று கேட்டார்.

அது இன்னும் விற்கவில்லை. விலையை 6,60,000 ஆக்கியிருக்கிறார்கள். நேற்றிரவு இருவரும் தனித்தனியே கைபேசியில் பார்த்துவிட்டு, காலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.