பூட்டிய கதவுகள்

தொழிலகத்தில் தீ எவ்வாறு பற்றியது என்று ஆராய்வோர் பலர். பற்றிய தீயிலிருந்து தொழிலாளர் ஏன் வெளியேற இயலவில்லை என்று வினவுவோர் மிகச் சிலரே. இக்கட்டுரை அந்த இரண்டாம் வினாவைப் பற்றியது.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நியூயார்க் நகரின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் மூண்ட தீ 146 உயிர்களைக் குடித்தது. மாண்டோருள் பெரும்பாலோர் பிழைப்பு நாடி அந்நாட்டில் குடியேறிய இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக்குச் செல்லும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. வேலை முடிந்து செல்லும் பெண்கள் எதையேனும் ஒளித்து எடுத்துச் செல்லலாகாதே என்பதற்காக, அனைவரையும் ஒரே வழியாகச் சோதித்து அனுப்புவது அங்கு வழக்கம். தீயணைப்போரின் ஏணியோ ஆறாம் மாடிவரைதான் எட்டியது.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சி நகரின் பால்தியா பகுதியில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாளரங்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. இத்தனைக்கும், சில வாரங்களுக்கு முன்னர்தான் அத்தொழிற்சாலை நல்ல பணிச்சூழலுக்கான பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றிருந்தது! அத்தீ திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தவன் கொடியவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழிகள் திறந்திருந்தால் அத்தனை பேர் மாண்டிருப்பரோ?

அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்காவை அடுத்த தாஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் அபாய மணி ஒலிக்கத்தான் செய்தது. எழுந்த தொழிலாளரை மேற்பார்வையாளர்கள் மீண்டும் இருக்கையில் அமர்ந்து வேலை செய்யுமாறு பணித்தனர். நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். மணி இருந்தும் பயனில்லை. மணி ஒலித்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் பழக்கப்படுத்தவில்லை.

நம் நாட்டில் சட்டத்திற்குக் குறைவில்லை. வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து எளிதில் திறக்க இயலாதவாறு பூட்டலாகாது என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கூறியது. போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் அது திருத்தப்பட்டபோது, தப்பும் வழியைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருத்தலும் அதற்கான பயிற்சி பெற்றிருத்தலும் கட்டாயமாயின. அப்பயிற்சியைத் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் பெற்றோர் நம் ஊர்களில் எத்தனை பேர்?

விபத்து நேர்ந்ததும் "இறைவனின் நாட்டம்" என்று கூறிக் கலைந்து செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மதீனாவில் ஓர் இல்லம் இரவில் தீக்கிரையான செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு கூறி அமையவில்லை. நெருப்பு உங்கள் பகை, உறங்குமுன் அதனை அணைத்துவிடுங்கள் என்னும் கருத்துப்படப் பணித்தார்கள். நாட்டத்தை நம்பியவர்களுக்கே அந்த அறிவுரை வழங்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கராச்சியும் டாக்காவும் தொலைவில் உள்ளன என்று அமைதி கொள்ள வேண்டா. நம் கடைவீதியின் துணிக்கடைகளில் மாடிப்படி எங்கே? பாதிப் படிகளில் துணி மூட்டைகள். பின்வாயிலில் ஒரு பூட்டு. அதன் சாவி முதலாளியின் இல்லத்தில். சில கடைகளில் பையன்கள் இரவில் உள்ளேயே உறங்க, ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிச் செல்கின்றனர். களவுக்கு அஞ்சுதல் தவறன்று. ஆனால் அந்தப் பையனை நம்மிடம் ஒப்படைத்தவள் ஒரு தாய். அவனும் அமானிதம்தான். சமுதாயப் பெரியோர் பலர் இத்தகைய நிறுவனங்களை நடத்துவோர் என்பதால் இதனை இம்மலரில் எழுதுவது பொருத்தமாகும். சாவியை உட்புறம் ஓர் ஆணியில் மாட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? தீயணைப்புக் கருவியை வாங்கிச் சுவரில் மாட்டுவதோடு கடமை முடிந்ததெனக் கருதுவோர், அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று கடைப்பையனிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்நாள் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கல்லூரிக்கு அன்று விடுமுறை. அதனை அடுத்து வரும் வேலைநாளில் நம் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, மாணவர் அனைவரையும் ஒருமுறை மாடியிலிருந்து இறக்கி, எத்தனை நிமிடம் ஆகிறதென்று கணக்கிடலாம். முதல்வர் இசைந்தால் தமிழ்த்துறை மாணவர் முதலில் இறங்க ஆயத்தமாக உள்ளனர்.