ஜப்பான் வீடியோ கேம், நம்ம ஊர் டிவி... படம் வருமா? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாகப் போனால் ரெனோ கார் ஆலை. அதே சாலையில் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தால் டிவி தயாரிக்கும் சாம்சங் ஆலை. இந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஒருத்தர் பயிற்சிக்காக ஜப்பான் போகிறார், திரும்பும்போது பழைய ‘ஃபேமிகாம்’ கன்சோல் ஒன்றை வாங்கிட்டு வர்றார்னு வச்சுக்குவோம். 1983 ஜூலையில் நிண்டெண்டோ வெளியிட்டது இது. 90களில் நம்ம வீடுகளில் ‘டிவி கேம்’ என்று ஓடிய பெட்டிகளில் பலவும் இதன் நகல்தான்.

ஆசையாகக் கொண்டுவந்ததைப் புது எல்இடி டிவியில் மாட்டினால் ஏன் படம் வருவதில்லை? மாட்டும் முன் எதைப் பார்க்கணும்?

முதலில் கரன்ட்

படம் வரலைன்னா அப்புறம் சரி பண்ணிக்கலாம். கரன்ட்டில் தப்பு செய்தால் திருத்த வாய்ப்பே இருக்காது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். அடாப்டரில் ‘இன்புட்’ என்ற இடத்தில் 100 மட்டும் போட்டிருந்தால் நேரடியாகச் சொருகவே கூடாது. 230ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனுக்கு மின்பகுதி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

உள்ளூர் அடாப்டர் வாங்கலாமா? ஃபேமிகாமின் சொந்த அடாப்டர் தருவது 10 வோல்ட், 850 மில்லி ஆம்ப் டிசி. முனையின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் கிடைக்கும் பல அடாப்டர்களில் இது தலைகீழ். முனை பொருந்துதேன்னு மாட்டிடாதீங்க.

படம் ஏன் வரலை?

முதல் ஃபேமிகாமில் ஏவி சாக்கெட் கிடையாது. ஆன்டெனா வயர் வழியாக, ஜப்பானின் 1 அல்லது 2ஆம் சேனலில்தான் படம் அனுப்பும். அந்த அலைவரிசைகள் 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். நம்ம ஊரில் அது எஃப்எம் ரேடியோ ஓடும் இடம்! அதனால் பலரும் ஏவி வசதிக்கு மாற்றப்பட்ட ஃபேமிகாமையோ, 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாமையோ தேடுகிறார்கள்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயர் இருந்தால் பாதி வேலை முடிஞ்சுது. டிவியில் மூன்று ஓட்டை இல்லாவிட்டால் ‘ஏவி இன்’ என்ற ஒற்றைச் சிறிய ஓட்டை இருக்கிறதா பாருங்க. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், செட்டிங்ஸில் கலர் சிஸ்டத்தை ‘என்டிஎஸ்சி’க்கு மாற்றணும். நம்முடையது பால் முறை.

அதுவும் இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி - எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர். ஒரு எச்சரிக்கை: எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் பெட்டியும் பார்க்க அச்சு அசல் இதேபோல இருக்கும். திசையைப் பார்த்து வாங்குங்க.

படம் வந்தும் ஆட்டம் சரியில்லையே?

பழைய கன்சோல் 240 கோடுகளை நொடிக்கு 60 முறை அனுப்புகிறது. புது டிவி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, படத்தைச் சேர்த்து, பெரிதாக்கிக் காட்டுகிறது. இதில் நேரம் போவதால் பட்டனை அழுத்திய பிறகு கொஞ்சம் தாமதமாகத்தான் குதிக்கும். ‘கேம் மோடு’ போட்டால் தாமதம் குறையும். படத்தை 4:3 அளவுக்கு மாற்றினால் ஆட்கள் குண்டாகத் தெரிய மாட்டார்கள். ஆனால், வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எல்இடி டிவியில் வேலை செய்யாது. பழைய பிக்சர் டியூப் திரையில் ஒளி வரும் நேரத்தை நம்பித்தான் அது இயங்குகிறது.

பரணில் இருக்கும் தீர்வு

2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல இலவச கலர் டிவி வீட்டுப் பரணில் இருக்கா? இந்தக் கன்சோல்கள் பிறந்ததே அந்த மாதிரி திரைக்காகத்தான். ஏவி ஓட்டை இருந்து, என்டிஎஸ்சியும் ஏற்றால் கன்வெர்ட்டர் செலவே இல்லை, துப்பாக்கியும் வேலை செய்ய வாய்ப்பு உண்டு. பழுதானால் பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்க.

ஆக, புது டிவியைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிங்க. பழைய டிவியை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை ஆன் பண்ணிப் பாருங்க!